பின்சீட்டில் நடு இடம்

அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். கார் சீட்டுக்கு உறை தைப்பவர். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அந்தத் தெருவில் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். "ஓட்டை போடாம தைப்பாரே, அவரா?" என்பார் டீக்கடைக்காரர், கையிலிருக்கும் கரண்டியாலேயே வழி காட்டியபடி.

காரின் பின்சீட்டில் உட்காரும் மெத்தைக்கும் சாயும் மெத்தைக்கும் நடுவில் ஓர் இடுக்கு உண்டு. சீட் பெல்ட்டைச் செருகிப் பூட்டும் பக்கிள்கள் மூன்றும் அதிலிருந்துதான் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். மற்ற தையல்காரர்கள் அந்த இடத்தில் உறையைச் சதுரமாக வெட்டி, ஓரம் மடித்து, பக்கிளை வெளியே எடுத்து விடுவார்கள். ஆறு மாதத்தில் ஓரம் பிரிந்து மஞ்சள் பஞ்சு எட்டிப் பார்க்கும். மாஸ்டர் வெட்டமாட்டார். பக்கிள்களை இரண்டு விரலால் இடுக்குக்குள் அழுத்திவிட்டு, உறையை அதன்மேல் இழுத்து, அடியில் எலாஸ்டிக் கொடுத்துக் கட்டிவிடுவார். மேலே ஒரு கீறல் இருக்காது. கார்க்காரர்கள் உள்ளங்கையால் தடவிப் பார்த்து, "சோபா மாதிரி இருக்கு மாஸ்டர்" என்பார்கள்.

ஆரம்பத்தில் அவரும் கேட்டுப் பார்த்ததுண்டு.

"பெல்ட்டு உள்ள போயிடுச்சு சார். வேணும்னா வெட்டி எடுத்துத் தரேன்."

"பின்னாடி யாரு பெல்ட் போடறா? அப்படியே இருக்கட்டும்."

பிறகு கேட்பதை விட்டுவிட்டார். முப்பது வருடத்தில் ஒரே ஒரு அம்மாள்தான் மூன்று பக்கிளும் வெளியே வேண்டும் என்று நின்றவர். அன்றைக்கு முழுக்க மாஸ்டருக்கு மனசு சரியில்லை. நல்ல உறையை நாமே கத்தரியால் குத்துவதா என்று மனைவியிடம் புலம்பினார். பக்கத்து மெஷினில் உட்கார்ந்து ஓரப்பட்டை தைத்துக்கொண்டிருந்த மனைவி, "உங்களைக் குத்தின மாதிரி ஏன் துடிக்கிறீங்க?" என்றாள்.

அதற்குக் காரணம் இருந்தது. பதினேழு வயதில் அவர் வேலைக்குச் சேர்ந்தது பஸ்களுக்குக் கூண்டு கட்டும் ஒரு கொட்டகையில். ரெக்ஸின் சீட்டுகளைத் தைத்து அனுப்புவார்கள். மூன்றே மாதத்தில் அதே சீட்டுகள் பிளேடால் கிழிபட்டுத் திரும்பி வரும். யாரோ உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, நிதானமாகக் கிழித்த கிழிசல்கள். ஆறு வருடம் அவற்றைத்தான் ஒட்டுப்போட்டார். கொட்டகையை விட்டு வந்து சொந்தமாக மெஷின் போட்டபோது, தன் கையால் ஒரு சீட்டிலும் ஓட்டை விழக்கூடாது என்று நினைத்துக்கொண்டார். ஒருவரிடமும் அதைச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

அவருடைய ஐம்பத்து மூன்றாவது வயதில் அந்தக் கடிதம் வந்தது. அவருக்கு வரவில்லை. இரண்டு தெரு தள்ளி இருந்த கார் சர்வீஸ் சென்டருக்கு வந்தது. ஒரு குறிப்பிட்ட மாடல் கார்களில், எட்டு மாத காலத்தில் தயாரானவற்றின் பின்சீட்டுப் பக்கிள்களுக்குள் இருக்கும் ஸ்பிரிங் வலு குறைவானது என்று கம்பெனி கண்டுபிடித்திருந்தது. பெல்ட்டின் நாக்கைச் செருகினால் டக்கென்று சத்தம் வரும். பூட்டியதுபோலவே இருக்கும். ஆனால் மோதலில் வேகமாக இழுபடும்போது சில பக்கிள்கள் திறந்துகொள்ளக்கூடும். அந்தக் கார்கள் அனைத்தையும் திரும்ப அழைத்துப் பக்கிள்களை இலவசமாக மாற்றித் தர வேண்டும். மாற்றும்வரை பின்சீட்டில் யாரையும் உட்கார வைக்க வேண்டாம் என்று உரிமையாளர்களுக்குச் சொல்ல வேண்டும்.

முதல் கார் வந்து நின்றபோது ஃபிட்டர் பின்கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, வெளியே எடுத்தார்.

"பக்கிளே இல்லையே இதுல!"

மாஸ்டருக்கு ஆள் அனுப்பினார்கள்.

அன்றிலிருந்து காலை ஒன்பது மணிக்கு அவர் சர்வீஸ் சென்டரில் இருந்தார். கார் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தார்கள். பின்சீட்டில் ஏறி மண்டியிட்டு, தான் கட்டிய முடிச்சுகளைத் தானே அவிழ்ப்பார். உறையை விலக்கினால் பக்கிள்கள் அடியில் கிடக்கும். பாதிக்கும் மேற்பட்டவை கம்பெனியில் சுற்றிய பிளாஸ்டிக் காகிதத்தோடு, அப்படியே, புத்தம் புதிதாக.

"மாஸ்டர், நீங்க தைச்ச வண்டி மட்டும் பார்த்தவுடனே தெரியுது" என்றார் ஃபிட்டர். நாற்பது வயது, எதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறவர். "மத்தவன் தைச்சதுல பக்கிள் இருக்கும், சீட்டு இருக்காது. உங்களதுல சீட்டு இருக்கும், பக்கிள் இருக்காது."

மாஸ்டரும் சிரித்தார். முதல் வாரம் சிரிக்க முடிந்தது.

இரண்டாவது வாரம் ஒரு சாம்பல் நிறக் கார் வந்தது. உறையை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது அவருடைய கை நின்றுவிட்டது. இதே மாடல், இதே நிறத்தில் இன்னொரு காருக்கும் அவர் தைத்திருக்கிறார். நான்கு வருடம் முன்னால். அரக்கு நிற ரெக்ஸின், வெள்ளை ஓரப்பட்டை. அந்தக் காரில்தான் அவருடைய மகள் தினமும் வேலைக்குப் போகிறாள்.

மகள் அடுத்த ஊர் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறாள். நாற்பத்தைந்து கிலோமீட்டர், முழுக்க லாரி ஓடும் சாலை. அதே மருத்துவமனையில் வேலை பார்க்கும் மூன்று நர்சுகளும் அவளும் சேர்ந்து ஒரு காரை மாத வாடகைக்குப் பேசியிருந்தார்கள். மூத்த நர்சு முன்சீட்டில். மற்ற இருவரும் பின்னால் இரண்டு ஜன்னலோரம். எல்லோருக்கும் இளையவளும் ஒல்லியானவளும் மகள்தான் என்பதால் நடு இடம் அவளுக்கு.

காரின் எண் அவருக்கு மனப்பாடம். தினமும் தெருமுனையில் பார்க்கிற எண். வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் போய்ச் சொன்னார். அவள் கணினியில் தட்டிப் பார்த்தாள்.

"லிஸ்ட்ல இருக்கு மாஸ்டர்."

"கடுதாசி போயிருக்கா?"

"போயிருக்கு. முதல் ஓனர் அட்ரஸுக்கு. திரும்பி வந்துடுச்சு. போன்லயும் கூப்பிட்டிருக்காங்க. 'தொடர்பு கொள்ள இயலவில்லை'ன்னு போட்டிருக்கு." அவள் நிமிர்ந்தாள். "யார் வண்டி இது?"

"தெரிஞ்சவங்க" என்றார் மாஸ்டர். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே புரியவில்லை.

மாலையில் மகள் வந்து கைப்பையை நாற்காலியில் போட்டதுமே ஆரம்பித்துவிட்டார். அவள் முகம் கழுவிக்கொண்டே கேட்டாள். துண்டால் துடைத்துக்கொண்டே கேட்டாள். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்பா, அந்த வண்டியில பெல்ட்டே கிடையாதேப்பா" என்றாள்.

"இருக்கு. உள்ள இருக்கு."

"உள்ளன்னா?"

"சீட்டுக்குள்ள."

"யாரு உள்ள விட்டா?"

அடுப்படியிலிருந்து மனைவி பதில் சொன்னாள்: "வேற யாரு? ஓட்டை போடாம தைக்கிற மகராசன்தான்."

மகள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. "அப்ப மூணு வருஷமா நான் அது மேலதான் உட்கார்ந்து போறேனா?"

மாஸ்டர் அவள் கையிலிருந்த துண்டை வாங்கிக் கொடியில் போட்டார்.

"சரி விடுங்கப்பா. பெல்ட்டு கெட்டுப்போனா என்ன, நல்லாயிருந்தா என்ன. நாங்கதான் போடறதே இல்லையே."

"நாளையிலிருந்து பஸ்ல போ."

"ரெண்டு பஸ் மாறணும். முதல் வருஷம் அப்படித்தான போனேன்? மூணு தடவை லேட்டுன்னு எழுதி வாங்கினாங்க. நாலாவது தடவைக்கு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நீங்கதான சொன்னீங்க, காசு போனாலும் பரவாயில்ல, கார்ல போ, பத்திரமா இருக்கும்னு."

அதுவும் அவர் சொன்னதுதான்.

மறுநாள் விடியற்காலை ஐந்தேமுக்காலுக்கு மகளோடு தெருமுனை வரை போனார். கார்க்காரர் நல்ல மனிதர். ஓட்டும்போது போன் பேசமாட்டார். குடிக்கமாட்டார். மாஸ்டர் சொன்னதை ஸ்டியரிங்கில் இரண்டு கையும் வைத்தபடியே கேட்டார்.

"பின்சீட்ல யாரும் உட்காரக் கூடாதாமா?"

"மாத்தற வரைக்கும்."

"எப்ப மாத்துவாங்க?"

"வாரத்துக்குப் பன்னிரண்டு வண்டிக்குத்தான் சாமான் வருது. லிஸ்ட்ல அறுநூறு வண்டிக்கு மேல இருக்கு. உங்க வண்டி பேரு வரிசையிலயே ஏறல. பழைய ஓனர் பேர்ல நிக்குது."

"அப்ப இவங்க மூணு பேரையும் எங்க உட்கார வைக்கட்டும்? என் மடியிலயா?"

பின்னாலிருந்த நர்சுகள் சிரித்தார்கள். ஒருத்தி, "உங்க வீட்டுக்கார அம்மாகிட்ட கேட்டுட்டுச் சொல்லுங்க அண்ணா" என்றாள். மூத்த நர்சு கடிகாரத்தைப் பார்த்தாள். மகள் நடுவில் நுழைந்து உட்கார்ந்தாள். கதவு சாத்தியது. கார் போன பிறகும் மாஸ்டர் அங்கேயே நின்றிருந்தார். பால் பாக்கெட் வாங்க வந்தவர் ஒருவர், "என்ன மாஸ்டர், யாருக்காகக் காத்திருக்கீங்க?" என்று கேட்டார்.

"இல்ல, சும்மா."

சர்வீஸ் சென்டரில் மேசைப் பெண்ணிடம் உண்மையைச் சொன்னார். "எம் பொண்ணு போற வண்டிம்மா."

அந்தப் பெண் எழுந்து அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். அதுவரை அவரை அங்கே யாரும் உட்காரச் சொன்னதில்லை.

"வண்டியை இப்ப வச்சிருக்கிறவர் பேருக்கு ரெக்கார்டை மாத்தினாத்தான் வரிசையில ஏத்த முடியும் மாஸ்டர். மாத்தறதுக்குப் பழைய ஓனர் போனுக்கு ஒரு ஓடிபி போகும். அந்த ஆறு எண்ணை அவர் சொன்னா ஒரு நிமிஷ வேலை."

"பழைய ஓனர் எங்க இருக்காரு?"

"தெரியாது. நம்பர் மட்டும் இருக்கு. நாங்க கூப்பிட்டா யாரோ பொண்ணு எடுத்து வச்சிடுது. நீங்க உங்க போன்லருந்து பேசிப் பாருங்களேன். வீட்டு மனுஷர் மாதிரி பேசினா கேட்பாங்க."

மாஸ்டர் எண்ணை ஒவ்வொன்றாக அழுத்தினார். நான்காவது மணியில் எடுத்தார்கள். இளம் பெண் குரல்.

"சார் இருக்காங்களாம்மா?"

"எந்த சார்?"

மாஸ்டர் கணினியில் இருந்த பெயரைப் படித்துச் சொன்னார்.

"ஐயோ, அவரா? அவர் யாருன்னே எனக்குத் தெரியாதுங்க. ரெண்டு வருஷமா இந்த நம்பர் என்னோடது. 'உங்கள் காருக்கு சர்வீஸ் நேரம் வந்துவிட்டது'ன்னு வாரம் ஒரு மெசேஜ் வருது. எங்கிட்ட சைக்கிள்கூட இல்ல."

மாஸ்டருக்குத் தெம்பு வந்தது. கலகலப்பான பெண்தான். "அதே காருதாம்மா. அந்தக் கார்ல பின்சீட்டு பெல்ட்டுல கோளாறு. எம் பொண்ணு அதுலதான் தினம் போறா. இப்ப உங்க போனுக்கு ஆறு நம்பர் ஒண்ணு வரும். அதை மட்டும் நீங்க எனக்கு…"

மறுமுனையில் குரல் மாறியது.

"ஓடிபியா?"

"ஆமாம்மா, அதேதான்."

"வைக்கிறேங்க."

வைத்துவிட்டாள். மாஸ்டர் மறுபடியும் அழுத்தினார். இந்த முறை ஏழெட்டு மணி அடித்தது.

"என்னங்க வேணும் உங்களுக்கு?"

"ஒரே ஒரு நிமிஷம்மா. நான் பொய் சொல்லல."

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"கார் சீட்டுக்குக் கவர் தைக்கிறேன்."

"கவர் தைக்கிறவருக்கு ஏங்க ஓடிபி?"

நியாயமான கேள்வி. பதில் அவருக்குத் தெரியும். ஆனால் அது சர்வீஸ் சென்டர், கடிதம், பழைய ஓனர், வரிசை என்று நீளமாக இருந்தது. எங்கே தொடங்குவது என்று அவர் யோசிப்பதற்குள் அந்தப் பெண் பேசினாள். குரலில் கோபம் இல்லை.

"ஐயா, உங்க குரலைக் கேட்டா நல்லவர் மாதிரிதான் இருக்கு. போன மாசம் எங்க சித்தப்பாகிட்ட பேசினவனும் இப்படித்தான் பேசினானாம். அவனும் பொண்ணுக்கு ஆபத்துன்னுதான் சொன்னான். சித்தப்பா அழுதுகிட்டே நம்பரைச் சொன்னாரு. அன்னைக்கே அக்கவுண்ட் காலி."

"அம்மா, இங்க ஆபீஸ் மேடம் இருக்காங்க. அவங்ககிட்ட தரேன், பேசுங்க."

மேசைப் பெண் போனை வாங்கினாள். அவள் குரல் சட்டென்று வேறாகிவிட்டது. வேலைக்காகப் பழக்கிய குரல். "வணக்கம் மேடம். தங்களுடைய வாகனத்தின் பாதுகாப்பு தொடர்பாக அழைக்கிறோம். தங்கள் நேரத்துக்கு நன்றி. தற்போது தங்கள் அலைபேசிக்கு வரும் ஆறு இலக்க…"

மறுமுனையில் அந்தப் பெண் சொன்னது மாஸ்டருக்கும் கேட்டது.

"இப்பச் சந்தேகமே இல்லை."

அதற்குப் பிறகு எந்த எண்ணிலிருந்து கூப்பிட்டாலும் மணியே அடிக்கவில்லை.

மேசைப் பெண் தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதினாள். கார்க்காரரின் அடையாள அட்டை, பதிவுச் சான்று எல்லாவற்றையும் நகலெடுத்துச் சேர்த்தாள். மறுநாளே பதில் வந்தது. மாஸ்டர் அதைப் படித்துக் காட்டச் சொன்னார். கோரிக்கை பெறப்பட்டது, அதற்கு ஓர் எண் தரப்பட்டுள்ளது, முப்பது வேலை நாட்களுக்குள் பரிசீலிக்கப்படும், அதுவரை வாகனத்தின் பின்னிருக்கையைப் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறது.

"முப்பது நாள்ல பக்கிள் வந்துடுமா?"

"இல்ல மாஸ்டர். முப்பது நாள்ல பேர் வரிசையில ஏறும். கடைசியில."

அந்த வாரத்துப் பன்னிரண்டு பெட்டிகள் வியாழக்கிழமை வந்தன. ஃபிட்டர் அவற்றை மேசையில் அடுக்கிவிட்டு டீ குடிக்கப் போனார். ஒவ்வொரு பெட்டியிலும் எந்தக் காருக்கு என்று சேசிஸ் எண் ஒட்டியிருந்தது. மாஸ்டர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு ஒரு பெட்டியை எடுத்தார். நினைத்ததைவிட கனமாக இருந்தது. உள்ளே மூன்று பக்கிள்கள். சட்டைக்குள் வைத்தால் தெரியாது. வெளியே சைக்கிள் நிற்கிறது. பூட்டவில்லை.

பெட்டியின் மேல் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்தார். பதினேழு எழுத்தும் எண்ணும். அன்று காலை அவர் உறை பிரித்த வெள்ளைக் காருடையது. அந்தக் காரின் பின்சீட்டில் ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு கிடந்தது. அதை எடுத்து முன்சீட்டில் வைத்தது அவர்தான்.

பெட்டியை இருந்த இடத்திலேயே, ஓரம் சரியாக இருக்கும்படி வைத்தார். ஃபிட்டர் திரும்பி வந்தபோது அவர் மேசைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார்.

"என்ன மாஸ்டர்?"

"ஒண்ணு கேக்கறேன். நேராச் சொல்லு. பெல்ட்டு உள்ளயே கிடக்கட்டுமா, இல்ல கோளாறுன்னாலும் வெளிய எடுத்து அவளைப் போடச் சொல்லவா?"

ஃபிட்டர் ஸ்பானரை எடுத்தார். கீழே வைத்தார். "நான் ஃபிட்டர் மாஸ்டர். கழட்டுன்னா கழட்டுவேன், மாட்டுன்னா மாட்டுவேன்."

"பத்துல எத்தனை திறந்துக்கும்?"

"பத்துலயா? சேச்சே. நூத்துல ஒண்ணு, ரெண்டு. அதுவும் பெரிய மோதலா இருந்தாத்தான்."

"அந்த ஒண்ணு எதுன்னு பார்த்தாத் தெரியுமா?"

"தெரிஞ்சா ஏன் எல்லாத்தையும் மாத்தறாங்க?"

மேசைப் பெண்ணிடமும் கேட்டார். அவள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "பின்சீட்டைப் பயன்படுத்த வேண்டாம்னுதான் நாங்க சொல்லலாம் மாஸ்டர். அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லக் கூடாது" என்றாள். சர்வீஸ் மேனேஜரிடம் கேட்டார். அவர், "எழுத்துல குடுங்க, மேல அனுப்பறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கார்க்காரர் வண்டியைக் கொண்டுவந்து மாஸ்டரின் கடை வாசலில் நிறுத்தினார். "உங்க திருப்திக்கு மாஸ்டர்" என்றார். "ஆனா ஓட்டை போட்டா சீட்டு அசிங்கமா ஆயிடுமே. நீங்கதான அன்னைக்கு வேண்டாம்னீங்க."

மாஸ்டர் பின்சீட்டில் ஏறி மண்டியிட்டார். நான்கு வருடத் தையல் ஓர் இழைகூட விட்டிருக்கவில்லை. அரக்கு நிறம் கொஞ்சம் வெளுத்திருந்தது, நடுவில் மட்டும் லேசாக ஒரு குழிவு. முடிச்சை அவிழ்த்து உறையை விலக்கினார். இடுக்கில் பிஸ்கட் தூள், ஒரு பேனா மூடி, மருத்துவமனை ரசீது ஒன்று. அவற்றுக்குக் கீழே மூன்று பக்கிள்களும், நடு இடத்துக்கான பட்டையும். தூசியைத் துணியால் துடைத்தார். ஊதினார். பட்டையின் நாக்கை நடுப் பக்கிளில் செருகினார். டக்.

கால்களைக் கதவுச் சட்டத்தில் உதைத்துக்கொண்டு இரண்டு கையாலும் பட்டையை இழுத்தார். பிடித்தது. விட்டார், மறுபடியும் இழுத்தார். சிவப்புப் பொத்தானை அழுத்தித் திறந்து, பூட்டி, இழுத்தார். வியர்த்து ஊற்றியது. கார்க்காரர் ஜன்னல் வழியே குனிந்து பார்த்தார்.

"பிடிக்குதே மாஸ்டர்! நல்லாத்தான இருக்கு?"

"எல்லாம் பிடிக்கும்" என்றார் மாஸ்டர். "நான் இழுத்தா பிடிக்கும்."

உறையை வெளியே எடுத்து மேசையில் விரித்தார். சாக்கட்டியால் நடுவில் ஒரு சதுரம் வரைந்தார். கத்தரியை எடுத்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். மனைவி மெஷினை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள்.

"ஒண்ணுதானா?"

"என்ன ஒண்ணு?"

"ஓட்டை. அந்த நர்சுப் பொண்ணுங்களுக்கு அம்மா அப்பா இல்லையா?"

இன்னும் இரண்டு சதுரம் வரைந்தார். வெட்டினார். ரெக்ஸினை வெட்டும் சத்தம் அவருக்குப் பழகிய சத்தம்தான். ஓரம் பிரியாமல் இருக்க மூன்று ஓட்டைக்கும் உள்பக்கம் பட்டை கொடுத்து, இரண்டு சுற்றுத் தையல் போட்டாள் மனைவி. மதியத்துக்குள் வேலை முடிந்தது. அரக்கு நிறச் சீட்டிலிருந்து மூன்று கறுப்புத் தலைகள் வரிசையாக வெளியே நின்றன. கார்க்காரர் பார்த்துவிட்டு, "பல்லு முளைச்ச மாதிரி இருக்கு" என்றார். சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்துப் போனார்.

திங்கட்கிழமை காலை தெருமுனைக்கு மாஸ்டரும் போனார். நர்சுகளில் ஒருத்தி பக்கிளைப் பார்த்துவிட்டு, "என்னடி இது, விமானமா கிளம்பப் போகுது? ஜூஸ் எல்லாம் குடுப்பாங்களா?" என்றாள். மற்றவள், "வேண்டாம், குதிச்சுத் தப்பிக்க ஒரு வழியாவது இருக்கட்டும்" என்றாள். மகள் நடுவில் உட்கார்ந்து குனிந்து எதையோ தேடுவது தெரிந்தது. கதவு சாத்தியது. கண்ணாடியில் ஒட்டிய கறுப்புத் தாளுக்குப் பின்னால் எதுவும் தெரியவில்லை. எஞ்சின் சத்தத்தில் டக் கேட்டதா இல்லையா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

அன்று சர்வீஸ் சென்டரில் நான்கு கார்களுக்கு உறை பிரித்தார். ஃபிட்டர் ஏதோ ஜோக் சொன்னார். மூன்று முறை மகளுக்குப் போன் செய்யலாம் என்று எடுத்து, வைத்தார். வேலை நேரத்தில் அவள் போனை எடுக்க முடியாது. பதினொன்றரைக்கு அவளே கூப்பிட்டு, "வந்து சேர்ந்துட்டேன்ப்பா, காலையிலயே" என்றாள்.

மாலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தவளை உட்காரவிடவில்லை.

"போட்டியா?"

"போட்டேன்ப்பா. ரெண்டு வேளையும் போட்டேன்."

"மத்தவங்க?"

"காலையில போட்டாங்க. சாயங்காலம் ஒருத்தங்க மட்டும். இன்னொருத்தங்களுக்கு யூனிஃபார்ம் கசங்குதாம்."

"திறந்துக்கலையே?"

"அதெல்லாம் இல்ல." அவள் தண்ணீர் குடித்தாள். பிறகு, அப்பாவைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னாள்: "எதிர்ல லாரி வரும்போது மட்டும் கையால அழுத்திப் பிடிச்சுக்கறேன். அப்பத் திறக்காது இல்ல?"

மாஸ்டர் அவள் கையைப் பார்த்தார். சிறிய கை. நாளுக்கு எண்பது பேருக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்கும் கை. விரல்நுனியில் எப்போதும் மருந்து வாசனை இருக்கும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் மோதி நிற்கும்போது ஒரு பட்டை எவ்வளவு பலமாக இழுக்கும் என்று ஃபிட்டர் கையை விரித்துக் காட்டியிருந்தார். மாஸ்டர் வாயைத் திறந்தார். அடுப்படி வாசலில் மனைவி கரண்டியோடு நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா" என்றார் மாஸ்டர். "பிடிச்சுக்கோ."

"ஒரு கையாலயா, ரெண்டு கையாலயா?" என்று கேட்டாள் மகள். அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை.

"ரெண்டு கையாலயும்" என்றார்.